ஈப்போ மணிக்கூண்டும் மறைந்த மார்பளவுச் சிலையும்

ஈப்போப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, நகர மண்டபத்தைக் கடந்து சிறிது தொலைவு நடப்பவர், மாநிலப் பள்ளிவாசலுக்கு அருகே திறந்த வெளியில் வெண்ணிறமான சதுரக் கோபுரம் ஒன்றைக் காண்பர். நாற்றிசையும் நோக்கிய கடிகார முகங்கள், மூலைக்கு ஒன்றாக நான்கு சுடுமண் உருவங்கள், உலக வரலாற்றில் பெயர் பெற்றோரின் உருவ வரிசை ஆகியவை அதில் உள்ளன. இவை கண்ணுக்குத் தெரிவன. தெரியாத ஒன்றும் உண்டு. கோபுரத்தில் ஒரு மாடம் இருக்கிறது. அம்மாடம் வெறுமையாக இருக்கிறது. யாருடைய நினைவுக்காக இக்கோபுரம் 1909ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதோ, அவருடைய மார்பளவுச் சிலை ஒரு காலத்தில் அங்கே இருந்தது.

அவர் பெயர் ஜேம்ஸ் வீலர் வுட்ஃபோர்ட் பர்ச். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு. கோபுரம் நிற்கும் சாலையின் இன்றைய பெயரோ டத்தோ சாகோர் சாலை. அதற்கு அணித்தே உள்ள மற்றொரு சாலை மகாராஜா லேலாவின் பெயரைத் தாங்குகிறது. இவ்விருவரும் பர்ச்சைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள். கொலையுண்டவருக்கு எடுத்த நினைவுச் சின்னத்தின் முகவரி, அவரைக் கொன்றவர் பெயரால் வழங்குகிறது! உலகில் இத்தகைய இடங்கள் பல இரா. பள்ளிப் பிள்ளைகளை ஈப்போவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலரும் இக்கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அதன் கதையைச் சொல்லாமலே திரும்பிவிடுகின்றனர். கதையோ தமிழ் மக்களுக்குத் தொடர்பில்லாத கதை அன்று.

சிலையின் வரலாற்றைக் காணுமுன் கோபுரத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு மணிக்கூண்டு என்று பெயர். கூண்டு என்பது மணியைத் தொங்கவிடும் இடம். ஆங்கிலத்தார் கடிகாரத்தை முதன்மையாகக் கொண்டு பெயரிட, தமிழர் மணியை முதன்மையாகக் கொண்டு பெயரிட்டனர். தமிழில் ஒலிக்கும் மணியும் மணி, பொழுதின் அளவும் மணி. ‘மணி என்ன?’ என்று கேட்கும்போது, கேட்பவர் ஒலியைத்தான் கேட்கிறார் என்று சொன்னாலும் பொருந்தும். இதற்கு முன்னர்த் தமிழர் பொழுதை நீரால் அளந்தனர். துளையிட்ட வட்டிலில் நீர் ஏறும் அளவைக் கொண்டு நாழிகை கணக்கிட்டனர். அரசனுடைய பாசறையில் அவ்வாறு நாழிகை சொல்லும் மாந்தர் இருந்ததை முல்லைப்பாட்டுக் காட்டுகிறது. அக்கருவிக்குக் கன்னல் என்று பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் துறைமுக நகரங்களும் ஈய நகரங்களும் செல்வம் சேரத் தொடங்கியபோது, நகரின் நடுவே அழகுப் பொருள் ஒன்றை நிறுத்துவது வழக்கமாயிற்று. அது பெரும்பாலும் நீரூற்றாக இருக்கும். இல்லையேல் கடிகாரக் கோபுரமாக இருக்கும். சிங்கப்பூரில் தண்ணீர்த் திட்டத்துக்கு 13,000 வெள்ளி கொடுத்த வணிகர் டான் கிம் செங்கின் நினைவாக 1882இல் வார்ப்பிரும்பு நீரூற்று ஒன்று எழுந்தது. அதுவும் தான் முதலில் நின்ற சதுக்கத்தை இழந்து, 1925இல் கடற்கரைப் பூங்காவுக்குப் பெயர்ந்தது. பினாங்கில் விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரமான மணிக்கூண்டை சியா சென் இயோக் என்னும் செல்வர் கட்டிக்கொடுத்தார். பேராக்கிலேயே தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த கோபுரத்தில் மேலே கடிகாரமும் உள்ளே ஊருக்கான தண்ணீர்த் தொட்டியும் ஒருங்கே அமைந்தன. மண் இளகியதால் அது சாய்ந்து நிற்கிறது. சாய்ந்ததாலேயே புகழும் பெற்றுவிட்டது. நாழிகை வட்டிலைப் பற்றிப் படித்த தமிழாசிரியருக்கு, தண்ணீரும் கடிகாரமும் ஒரே கோபுரத்தில் குடியிருப்பது ஒரு தனி இன்பம் தரும்.

ஈப்போக் கோபுரத்துக்கு இவற்றினின்றும் ஒரு வேறுபாடு உண்டு. கொடையாளியைப் போற்றவோ முடிசூட்டைக் கொண்டாடவோ எழுந்தது அன்று அது. ஒரு சாவை நினைவூட்ட எழுந்தது. ஆகவே அந்தச் சாவு நேர்ந்த வகையை அறிதல் வேண்டும்.

பர்ச் பேராக்குக்கு வருமுன் தம் பணிக்காலத்தில் பெரும்பகுதியை இலங்கையில் கழித்தவர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அங்கே பல பதவிகளை வகித்து, இறுதியில் கிழக்கு மாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்தார். கிழக்கு மாகாணம் என்றால் மட்டக்களப்பும் திருகோணமலையும். அதாவது, பேராக் மலாய்க்காரரை ஆள வந்தவர் அதற்கு முன் தமிழ் வழங்கும் நிலத்தில் ஆட்சி செய்து பழகியவர். அவருடைய மகன் எர்னஸ்ட் 1857இல் இலங்கையிலேயே பிறந்தார். 1870இல் தந்தையார் நீரிணைக் குடியேற்றங்களின் குடியேற்றச் செயலாளராகச் சிங்கப்பூருக்கு மாற்றம் பெற்றார்.

இலங்கையின் ஆட்சிமுறை வேறு, பேராக்கின் நிலைமை வேறு. இலங்கை நேரடியாகப் பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்தது. அங்கே அரசாங்க அதிபர் இட்டதே கட்டளை. பேராக்கிலோ 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ரெசிடெண்டு அறிவுரை கூறுபவர் மட்டுமே, ஆள்பவர் சுல்தான். ஆயினும், மலாய்ச் சமயத்தையும் வழக்கத்தையும் தவிர்த்து மற்றெல்லாவற்றிலும் அவ்வறிவுரையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை கூறிற்று. அறிவுரை என்ற சொல்லுக்குள்ளே ஆணை ஒளிந்துகொண்டிருந்தது. அந்த முரண்பாட்டை நயமாக மறைத்துச் செல்லும் திறமை உடையவர் தேவைப்பட்டார். அனுப்பப்பட்டவரோ பர்ச்.

1874 நவம்பரில் பொறுப்பேற்ற பர்ச், பேராக் ஆற்றங்கரையில் பண்டார் பாருவைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். மலாய் மொழியில் அவருக்குத் தேர்ச்சி இல்லை. ஆற்றுவழியே செல்லும் படகுகளிடம் அந்தந்தப் பகுதித் தலைவர்கள் வரி வாங்குவது தொன்றுதொட்ட வழக்கம்; அதுவே அவர்களுடைய வருவாயும் பெருமையும் ஆகும். அதை நிறுத்தி, வரி முழுவதும் ஒரே கருவூலத்தில் சேர வேண்டும் என்று பர்ச் விதித்தார். கடனுக்காக மனிதரை அடிமை கொள்ளும் முறையையும் அவர் வெறுத்தார். ஓடிவந்த அடிமைப் பெண்களுக்குப் புகலிடம் அளித்தார். இச்செயலை இன்று படிப்பவர் எவரும் பழிக்க மாட்டார். ஆனால் அன்றைய தலைவர்களின் கண்ணுக்கு, ஒரே ஆண்டில் வருவாயும் போயிற்று, வீட்டு ஆட்களும் போயினர், மானமும் போயிற்று. நல்ல சீர்திருத்தமும் தனக்கு வருவாய் தேடும் ஆட்சியும் ஒரே படகில் ஏறி வந்தால், கரையில் நிற்பவருக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பர்ச்சை அனுப்பிய ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கே, அவருடைய அவசரப் போக்கைக் கண்டு மனம் நொந்து கடிதம் எழுதியிருக்கிறார்.

1875 ஜூலையில் சுல்தான் அப்துல்லாவும் தலைவர்களும் கூடிப் பேசினர். ரெசிடெண்டை ஒழிப்பது என்று அங்கே முடிவாயிற்று. பாசிர் சாலாக்கின் தலைவர் மகாராஜா லேலா அப்பொறுப்பை ஏற்றார். அதற்குள் கிளார்க்குக்குப்பின் வந்த ஆளுநர் ஜெர்வாய்ஸ், பேராக்கை மேலும் இறுக்கிப் பிடிக்க முற்பட்டார். ஆட்சி முழுவதும் பிரிட்டிஷ் அலுவலர் கைக்கு மாறுவதைத் தெரிவிக்கும் அறிவிப்புகள் அச்சாயின. அவற்றை ஊர்தோறும் ஒட்டுவதற்குப் பர்ச் ஆற்றின் ஒரு பகுதிக்கும், இளம் அலுவலர் ஃபிராங்க் சுவெட்டன்ஹம் மற்றொரு பகுதிக்கும் புறப்பட்டனர்.

1875 நவம்பர் 2ஆம் நாள் காலை பர்ச் பாசிர் சாலாக்கில் இருந்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். பர்ச் ஆற்றோரத்துக் குளிப்பறையில் குளிக்கச் சென்றார். மொழிபெயர்ப்பாளர் தாக்கப்பட்டார்; அடுத்த நொடியில் குளிப்பறையின் சுவரை ஊடுருவி ஈட்டிகள் பாய்ந்தன. சுவெட்டன்ஹம் இரவோடு இரவாகப் படகில் அவ்வழியே தப்பிச் சென்றார். அவரே பின்னாளில் பேராக்கின் ரெசிடெண்டாகவும் கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டாகவும் உயர்ந்தார். பர்ச்சின் உடல் பண்டார் பாருவில் அடக்கம் செய்யப்பட்டது.

பழிவாங்கும் படை விரைந்து வந்தது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படைப்பிரிவுகள் வந்தன. சில மாதங்களில் எதிர்ப்பு அடங்கிற்று. மகாராஜா லேலா, டத்தோ சாகோர், பாண்டாக் இண்டுட் ஆகியோர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வழங்கிய நடுவர் குழுவில் ராஜா யூசுப், ராஜா இத்ரிஸ் என்னும் இரு மலாய் அரச குடும்பத்தாரும் இருந்தனர். மூவரும் 1877 ஜனவரி 20ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான அதே தேதி, சரியாக மூன்றாண்டு. ராஜா யூசுப்பும் அவருக்குப்பின் ராஜா இத்ரிசும் சுல்தான்களாயினர். ஈப்போவின் பழைய நகர்ப் பகுதியில் முன்பு பெல்ஃபீல்ட் தெரு எனப்பட்டது இன்று சுல்தான் யூசுப் சாலை. ஆகவே, தீர்ப்பளித்தவர் பெயரும் தீர்ப்புக்கு ஆளானவர் பெயரும் ஒரே நகரத்தில் நடை தொலைவில் அடுத்தடுத்து இருக்கின்றன! தெருப் பெயர் சூட்டும் அலுவலருக்கு வரலாற்றின் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் கடமை இல்லை போலும்.

சுல்தான் அப்துல்லா சீசெல்சுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தத் தீவில் அரச குடும்பத்தார் கேட்டுப் பழகிய இசை ஒன்றே பேராக்கின் மாநில கீதத்துக்கு மெட்டாயிற்று என்பது வழிவழிச் செய்தி. மாநில கீதத்தின் மெட்டே 1957இல் நாட்டுப் பண்ணாகிய ‘நெகாராகு’வின் மெட்டாயிற்று. பள்ளிக் கூட்டத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று பாடும் அந்த இசைக்குப் பின்னால் பாசிர் சாலாக்கின் ஆற்றங்கரை இருக்கிறது என்பதை ஆசிரியர் ஒருமுறையேனும் சொல்லலாம்.

1877ஆம் ஆண்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவ்வாண்டில்தான் சர் ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக வந்தார். அவ்வாண்டில்தான் இலண்டன் கியூ தோட்டத்து வழியாக வந்த 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில், ரெசிடெண்டு மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. தூக்குமரமும் ரப்பர் மரமும் ஒரே ஆண்டில் பேராக் மண்ணில் ஊன்றப்பட்டன. பர்ச்சின் சாவுக்குப்பின் பிரிட்டிஷ் பிடி இறுகாதிருந்தால், நிலமும் சாலையும் வரியும் தோட்டக் கம்பெனிகளுக்கு ஏற்றவாறு அமைந்திரா. அவை அமையாதிருந்தால், தென்னாட்டிலிருந்து கங்காணியின் பின்னே கப்பலேறிய குடும்பங்கள் சித்தியவானிலும் சுங்கை சிப்புட்டிலும் பாகான் டத்தோவிலும் லயங்களில் வந்து குடியேறியிருக்கமாட்டா. ஈப்போ மணிக்கூண்டின் கதை தமிழருக்குத் தொடர்பில்லாத கதை அன்று என்று மேலே குறித்தது இதனாலேயே.

பர்ச் கொல்லப்பட்டபோது ஈப்போ கிந்தா ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூர். பர்ச்சுக்கும் அவ்வூருக்கும் சிறப்பான தொடர்பு ஏதும் இல்லை. பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவை நகரமாக்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் செல்வம் அங்கே குவிந்தது. தலைநகர் தைப்பிங்கிலிருந்து 1937இல்தான் ஈப்போவுக்கு மாறியது என்றாலும், செல்வம் முன்னரே மாறிவிட்டது. நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நடந்த இடத்தில் எழுவதில்லை. பார்க்கக் கூட்டம் உள்ள இடத்தில்தான் எழுகின்றன. 1909இல் கோபுரம் எழுந்தபோது, இன்று அதன் அருகே கம்பீரமாக நிற்கும் நகர மண்டபமும் புகைவண்டி நிலையமும் கட்டி முடிக்கப்படவில்லை. அவை இரண்டும் 1916, 1917ஆம் ஆண்டுகளை ஒட்டியவை.

அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் யார் என்பது கவனிக்கத் தக்கது. இலங்கையில் பிறந்த அதே எர்னஸ்ட் பர்ச்தான். 1904 முதல் 1910 வரை அவர் அப்பதவியில் இருந்தார். தந்தையின் சிலை மாடத்தில் ஏறியது, மகன் மாநிலத்தை ஆண்ட காலத்தில். திறப்பு விழாவை நடத்தியவர் கூட்டரசு மலாய் மாநிலங்களின் உயர் ஆணையர் சர் ஜான் ஆண்டர்சன். சுல்தானாக அப்போது அரியணையில் இருந்தவர், முன்பு நடுவர் குழுவில் அமர்ந்த இத்ரிஸ். நாடு கடத்தப்பட்ட அப்துல்லாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார்; அவர் மறைந்தது 1922இல். ஆக, 34 ஆண்டுகளுக்கு முன்னைய நாடகத்தின் பாத்திரங்களும் அவர்தம் மக்களும் இன்னும் மேடையிலேயே இருந்தனர். வெற்றி பெற்ற தரப்பு மட்டும் கல்லில் தன் கருத்தை எழுதிற்று.

அக்கருத்து யாது? மூலைகளில் நிற்கும் நான்கு உருவங்கள் பற்றுறுதி, நீதி, பொறுமை, மனத்திண்மை என்னும் நான்கு பண்புகளைக் குறிப்பன. பிரிட்டிஷ் ஆட்சி இந்நான்கு தூண்களின்மேல் நிற்கிறது என்பது கருத்து. இவற்றுள் மனத்திண்மை பர்ச்சுக்கு இருந்தது. ஆபத்தை அறிந்தும் சிறு காவலோடு ஆற்றில் சென்றவர் அவர். பொறுமையை மட்டும் அவருடைய நினைவுச் சின்னத்தில் வைத்தது சிற்பியின் அறியாமையா, மறைமுகமான கேலியா என்று வியக்கத் தோன்றும். உருவ வரிசையில் 44 பேர் இடம்பெற்றனர். மோசே, புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று சமயமும் கவிதையும் அறிவியலும் அதில் கலந்து வருகின்றன. உலக நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டுவது அதன் நோக்கம். அந்நாகரிக ஊர்வலம் இறுதியில் பேராக்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று பார்ப்பவர் எண்ண வேண்டும் என்பது சொல்லாமற் சொன்ன பொருள். நபிகள் நாயகத்தைக் குறித்த உருவமும் அவ்வரிசையில் இருந்தது. இறைத்தூதரை உருவமாகத் தீட்டுவது இஸ்லாமிய மரபுக்கு ஏலாதது. ஆகவே அவ்வுருவம் பின்னாளில் அழிக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் சுல்தானின் நாட்டில் அதை வைக்கலாமா என்று 1909இல் நின்று நினைத்துப் பார்க்காதவர்களுக்கு, மலாய் வழக்கத்தில் தலையிடுவதில்லை என்ற பங்கோர் வாக்குறுதி எவ்வளவு தூரம் நினைவில் இருந்தது என்பது இதனாலேயே விளங்கும்.

விடுதலைக்குப்பின் காட்சி மாறிற்று. மகாராஜா லேலா கொலையாளி அல்லர், அயலாட்சியை எதிர்த்த வீரர் என்று பாடநூல்கள் எழுதின. கோலாலம்பூரில் ஒரு பெருஞ்சாலையும் பின்னர் அதன்மேல் ஓடும் ஒற்றைத் தண்டவாள வண்டியின் ஒரு நிலையமும் அவர் பெயரைப் பெற்றன. பாசிர் சாலாக்கில் வரலாற்று வளாகம் எழுந்தது. 2017இல் கடற்படைக்கென நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பலுக்கும் அவர் பெயரே இடப்பட்டது. ஈப்போவில் ஆங்கில அலுவலர் பெயர் தாங்கிய தெருக்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. ஹியூ லோ தெருவும் சுல்தான் இஸ்கந்தர் சாலையாயிற்று. இவற்றுக்கிடையே பர்ச்சின் சிலை மாடத்தை விட்டுப் போயிற்று.

சென்னையில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்னும் படைத்தலைவனுக்கு 1861இல் மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தனர். அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் பலர் சிறை சென்றனர். பத்தாண்டுக்குப்பின், 1937இல் இராஜாஜி அமைச்சரவை அதைத் தெருவிலிருந்து எடுத்தது. பிற்காலத்தில் அது எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. நீல் என்பவன் யார், அவன் சிலை ஏன் அங்கே இருந்தது, ஏன் எடுக்கப்பட்டது என்ற மூன்று வினாக்களுக்கும் சென்னை மாணவனுக்கு விடை கிடைக்கும். போராட்டமே அந்த விடையை எழுதி வைத்துவிட்டது. ஈப்போவில் சத்தியாக்கிரகமும் இல்லை, சட்டமன்றத் தீர்மானமும் இல்லை. அகற்றுதல் வேறு, காணாமற்போதல் வேறு. பர்ச்சின் முகம் மாடத்தில் இருக்க வேண்டும் என்று இன்று யாரும் வாதாடப் போவதில்லை. ஆனால் அச்சிலை ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து, அதன் அருகே பாசிர் சாலாக்கின் கதையும் எழுதப்பட்டிருந்தால், வரலாறு கற்பிப்போர் கைக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! வெறும் மாடத்தைக் காட்டிப் பாடம் நடத்துவது அரிது. நடத்தத் தெரிந்த ஆசிரியருக்கு அதுவே நல்ல பாடம் என்பதும் உண்மைதான்.

சிலை போயிற்று, பெயர் போயிற்று, கோபுரம் மட்டும் ஏன் நிலைத்தது? விடை அதன் உச்சியில் இருக்கிறது. அது மணி காட்டிற்று. சிலை ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இருந்தது. கடிகாரம் யாவர்க்கும் பொதுவாயிற்று. சந்தைக்கு வந்த சீனரும், பள்ளிவாசலுக்கு வந்த மலாய்க்காரரும், ரயில்வேயிலும் நகராண்மையிலும் வேலை செய்த தமிழரும் பர்ச்சை நினைத்தா அண்ணாந்து பார்த்தனர்? நேரம் பார்த்தனர்.

தோட்டத்துக்கு இந்த நேரக் கணக்கு இன்னும் இன்றியமையாதது. ரப்பர் மரம் வெயில் ஏறுமுன் சீவப்பட வேண்டும். இரவில் இலைவழி நீர் ஆவியாவது குறைவதால் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியற்காலையில் வெட்டினால் பால் நிறைய வடிந்து மங்கு நிரம்பும். வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பால் விரைவில் உறைந்து நின்றுவிடும். இதனால்தான் பிரட்டுக்கு மணி இருட்டிலேயே அடித்தது. மரத்துக்குச் சூரியனே கடிகாரம். பிரட்டு எடுத்த கிராணிக்கோ சுவர்க் கடிகாரமே கடிகாரம். இவ்விரண்டும் மேலும் மேலும் விலகிச் சென்ற வரலாற்றை ஈப்போவை வைத்தே கணக்கிடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு அது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஈப்போ கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 101 பாகையில் உள்ளது. எனவே ஈப்போவின் இயற்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 6 மணி 44 நிமிடம் முந்தியது. 1905 ஜூன் முதல் மலாயாவில் 105ஆம் பாகையின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி முந்திய நேரம் வழங்கிற்று. ஆகவே 1909இல் மணிக்கூண்டு எழுந்தபோதே அது சூரியனைவிட 16 நிமிடம் முந்தி ஓடிற்று. 1933இல் மேலும் 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடமும் கூட்டினர்; விலக்கம் 46 நிமிடமாயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமே சட்டமாயிற்று. அப்போது கடிகாரம் சூரியனைவிட 2 மணி 16 நிமிடம் முந்தியது. கடிகாரத்தில் காலை 8 என்றால் வானத்தில் 6 மணிகூட ஆகவில்லை. 1945இல் பழைய நேரம் திரும்பிற்று. 1982 ஜனவரி 1 முதல், சபா சரவாக்கோடு ஒத்திருக்கும் பொருட்டுத் தீபகற்பமும் 8 மணி முந்திய நேரத்தை ஏற்றது. அன்று முதல் விலக்கம் 76 நிமிடம்.

பிரிட்டிஷாரின் பெயர்கள் தெருக்களிலிருந்து நீங்கியது போலவே அவர்கள் வைத்த நேரமும் நீங்கிவிட்டது. கிரீன்விச்சிலிருந்து அளக்கும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை. அதை எந்த நாடும் நீக்கவில்லை.

இக்கணக்கைச் சோதித்துப் பார்க்க விரும்பும் பள்ளி, திடலில் நேரான கோல் ஒன்றை நட்டால் போதும். கோலின் நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். ஈப்போ வட்டாரத்தில் அது சராசரியாகப் பிற்பகல் 1 மணி 16 நிமிடத்தில் நிகழும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாமையாலும் அதன் அச்சுச் சாய்ந்திருப்பதாலும் ஆண்டு முழுவதும் அது ஒரே நிமிடத்தில் நிகழ்வதில்லை. பிப்ரவரி நடுவில் 1 மணி 30 நிமிடம் வரை தள்ளிப்போகும். ஆண்டிலேயே மிக முந்தி, ஏறத்தாழச் சரியாக 1 மணிக்கு நிழல் குறுகுவது நவம்பர் முதல் வாரத்தில். பாசிர் சாலாக் ஆற்றங்கரையில் பர்ச் வீழ்ந்த நவம்பர் 2ஆம் நாளும் அவ்வாரத்தில்தான் வருகிறது.